தூண்டிலில் சிக்கிய புது மீன்: நீலகிரியில் எது விந்தை, எது அரிது?

உதகைக்கு அருகே காமராஜ் சாகர் அணையில் ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டில் போடும் இளைஞர் ஒருவர், ஒருநாள் மாலை என் கைப்பேசிக்கு ஒரு படம் அனுப்பினார். புல்தரையில் கிடத்திய மீன். உடம்பெல்லாம் தோல் போல வழவழப்பு. முதுகை ஒட்டியும் பக்கவாட்டிலும் மட்டும் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குப் பெரிய செதில்கள், யாரோ பாதியில் செதில் சீவிவிட்டு எழுந்து போனது போல. "அண்ணா, இப்படி ஒரு மீனை நான் பார்த்ததே இல்லை. அழிந்துபோனதாகச் சொல்கிறார்களே, அந்த வகையாக இருக்குமோ?" என்று கேட்டிருந்தார்.

அது கண்ணாடிக் கெண்டை. ஐரோப்பாவில் வளர்ப்புக்காகத் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய சாதாரணக் கார்ப் மீனின் ஒரு வடிவம். 1939-இல் இலங்கையிலிருந்து உதகை ஏரிக்குக் கொண்டுவரப்பட்டது. முழுச் செதில் கொண்டது, சில செதில்கள் மட்டும் கொண்டது, செதிலே இல்லாத தோல் கெண்டை என மூன்று வடிவங்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு. மூன்றும் ஒரே இனம்தான். பதிலை எழுதி அனுப்பியபோது அவருக்கு ஏமாற்றம் இருந்திருக்கும். ஆனால் அவர் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. இந்த மலைகளில் அதைக் கேட்க வேண்டியவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள்.

பல ஆண்டுகளாக இப்படிப்பட்ட படங்களைப் பார்த்துவருகிறேன். பார்த்தவுடன் திடுக்கிட வைக்கும் மீன் ஏறத்தாழ எப்போதுமே மனிதர் கொண்டுவந்து விட்டது. உண்மையிலேயே அரிய மீனோ, தூண்டில்காரர் ஒரு கணம் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொள்ளும் அளவுக்குச் சாதாரணமாக இருக்கும். இந்தத் தலைகீழ் நிலை ஏன் வந்தது என்பதை விளக்கவே இந்தக் கட்டுரை.

நீலகிரியின் உச்சிப் பீடபூமியில் இயற்கையாகப் பெரிய மீன்கள் இல்லை. சமவெளி ஆறுகளிலிருந்து ஏறி வரும் மீனை அருவிகள் தடுத்துவிடும். மேலே உள்ள ஓடைகளின் குளிரும் எல்லா மீனுக்கும் ஒத்துவராது. விரல் நீளமுள்ள சிறு மீன்கள்தாம் அங்கே பூர்வகுடிகள். தூண்டில் விளையாட்டில் ஊறிய ஆங்கிலேயருக்கு இது பெரிய குறையாகப் பட்டது. 1860-களில் ஃபிரான்சிஸ் டே என்ற ராணுவ மருத்துவர் டிரவுட் மீனைக் கொண்டுவர முயன்று தோற்றார். 1870-களில் டென்ச், குரூசியன் கார்ப் என்ற ஐரோப்பிய மீன்கள் வந்தன. 1879-இல் நீலகிரிக்கென்றே வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்கும் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. 1907-இல் வில்சன் என்ற மீன்வளர்ப்பு வல்லுநர் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்துத் தொடங்கிய முயற்சியில்தான் வானவில் டிரவுட் இங்கே வேரூன்றியது. பழனி மலையிலும் கதை ஏறக்குறைய இதுவே. கொடைக்கானல் ஏரியே 1863-இல் லெவிஞ்ச் என்ற அதிகாரி ஓடைகளை மறித்து உருவாக்கியது. மனிதர் கட்டிய ஏரியில் மனிதர் விட்ட மீன்கள்தாம் பெருகும்.

அன்று கப்பலில் வந்தவற்றின் வரிசை இன்று கண்ணாடித் தொட்டி வழியாகத் தொடர்கிறது. அடிவாரத்து அணைகளிலும் குளங்களிலும் உடல் முழுக்கக் கவசத் தகடுகளும் உறிஞ்சும் வாயும் கொண்ட ஒரு கறுப்பு மீன் வலையில் வருகிறது. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று கடையில் வாங்கி, பெரிதானதும் ஆற்றில் விட்டுவிடுகிற தென்னமெரிக்க மீன் அது. வளர்க்கத் தடை விதிக்கப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியும் பண்ணைகளிலிருந்து தப்பி நீர்நிலைகளில் இருக்கிறது. ஜிலேபி மீன் என்று நாம் உரிமையோடு அழைக்கும் திலாப்பியாவும் 1952-இல்தான் இந்தியாவுக்கு வந்தது. ஆகவே ஒரு மீன் உங்களுக்கு மிக விந்தையாகத் தெரிந்தால், முதலில் இந்த வரிசையில் தேடுங்கள்.

இனி, வந்தேறி அல்லாத மீன் ஒன்று கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதை அடையாளம் காண்பது எங்கிருந்து தொடங்குகிறது? மீனிலிருந்து அல்ல, ஓடையிலிருந்து. நீலகிரியில் ஒரு மேட்டின் இந்தப் பக்கம் விழும் மழை மோயாற்றிலோ பவானியிலோ சேர்ந்து காவிரிக்குப் போகிறது. கூடலூர்ப் பக்கம் விழுவது பாண்டியாறு, புன்னம்புழை வழியாகச் சாலியாற்றில் சேர்ந்து அரபிக்கடலுக்குப் போகிறது. பழனி மலையின் தென்சரிவில் வராக நதியும் மஞ்சளாறும் வைகைக்குப் போகின்றன. வடசரிவில் பாலாறும் பொருந்தலாறும் சண்முகநதியாகி அமராவதியில் கலந்து காவிரியை அடைகின்றன. நன்னீர் மீன் மேட்டைக் கடந்து நடக்காது. ஒரு படுகையில் பிரிந்து வாழ்ந்த கூட்டம் பல லட்சம் ஆண்டுகளில் தனி இனமாகிவிடும். "கொடைக்கானல் பக்கம் பிடித்தது" என்று மட்டும் ஒருவர் சொன்னால் பாதிக் கதவு மூடிவிடுகிறது. எந்த ஓடை, அது எந்த ஆற்றில் சேர்கிறது என்று சொன்னால், உடனே பத்துப் பதினைந்து இனங்களைத் தள்ளிவிடலாம்.

அடுத்த தடை பெயர். கெண்டை, கெளுத்தி, அயிரை, குறவை என்று நம்மிடம் அழகான பழைய சொற்கள் இருக்கின்றன. அயிரையும் கெண்டையும் சங்கப் பாடல்களிலேயே நீந்துகின்றன. ஆனால் இவை சமையலறைக்கும் சந்தைக்கும் போதுமான பெயர்கள். கெண்டை என்ற ஒரே சொல்லுக்குள் பல பத்து இனங்கள் அடங்கும். ஒரு விலக்கை இங்கே சொல்ல வேண்டும். காவிரிப் படுகையின் நீண்ட இழைத் துடுப்பு கொண்ட சிறு கெண்டை ஒன்றுக்கு 1849-இல் 'அருலியஸ்' என்று அறிவியல் பெயர் வைத்தார்கள். அது 'அருளி' என்ற உள்ளூர்த் தமிழ்ப் பெயரிலிருந்து எடுத்தது. ஆற்றங்கரைக்காரர்கள் அந்த மீனைத் தனியாகப் பிரித்து அறிந்திருந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். உங்கள் ஊர்ப் பெரியவர் ஒரு மீனுக்குத் தனிப் பெயர் சொன்னால் அதை அப்படியே எழுதிவையுங்கள்.

நிறத்தை மட்டும் நம்பி முடிவுக்கு வரவேண்டாம். பயந்த மீன் வெளுக்கும், இனப்பெருக்கக் காலத்தில் சிவக்கும், கலங்கிய நீரில் மங்கும், செத்த பத்து நிமிடத்தில் வேறாகிவிடும். நம்பத்தக்கவை எண்ணக்கூடியவை. வாயோரத்தில் மீசை உண்டா, எத்தனை இணை? கார்ப்புக்கு இரண்டு இணை உண்டு, அதைப் போலவே தோன்றும் குரூசியன் கார்ப்புக்கு ஒன்றுமில்லை. முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே சிறிய சதைத் துடுப்பு இருக்கிறதா? டிரவுட்டுக்கு உண்டு, கெண்டை வகை எதற்கும் இல்லை. செவுளிலிருந்து வால்வரை ஓடும் பக்கக்கோட்டில் எத்தனை செதில்? பெரிய கெண்டை வகையான மகாசீருக்கு ஏறத்தாழ முப்பதுக்குள் முடிந்துவிடும், வானவில் டிரவுட்டுக்கு நூறைத் தாண்டும். அந்தக் கோடு நடுவில் அறுந்து, கீழே இறங்கித் தொடர்ந்தால் அது திலாப்பியாவாக இருக்கலாம். துடுப்பின் கதிர்கள், அவற்றில் எது கிளைத்தது, எது முள்ளாக இறுகியது என்று ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். கெண்டை வகைகளுக்குத் தொண்டைக்குள் பற்கள் இருக்கின்றன. அவற்றின் வரிசையையும்கூட எண்ணுவார்கள்.

இவ்வளவு எண்ணியும் ஒரு பெரிய மீன் நூறாண்டுக்கும் மேலாகச் சரியான பெயரில்லாமல் நம் ஆற்றில் இருந்தது. காவிரியின் திமில் மகாசீரைச் சொல்கிறேன். முதுகில் காளையின் திமில் போல உயர்ந்த மேடு, ஆரஞ்சு நிறத் துடுப்புகள். 1946-இல் கபினி ஆற்றில் தூண்டிலில் பிடிபட்ட ஒன்று 120 பவுண்டு இருந்தது, அதாவது 54 கிலோ. உலகெங்கும் தூண்டில்காரர்கள் இந்த மீனைத் தேடிக் காவிரிக்கு வந்தார்கள். படம் எடுத்தார்கள், எடை குறித்தார்கள். அறிவியலிலோ அதன் பெயர் குழம்பிக் கிடந்தது. 1839-இல் சைக்ஸ் என்பவர் மகாராஷ்டிரப் பகுதியிலிருந்து விவரித்த 'முசுல்லா' என்ற பெயர் இதன்மீது ஒட்டப்பட்டது. அந்தப் பெயருக்குரிய மீன் மகாசீரே இல்லை என்று 2013-இல் தெளிவாக்கினார்கள். அதன்பின் இந்தப் பெருமீன் பெயரற்றதாக நின்றது.

பெயர் இல்லாமல் இருப்பதில் என்ன நட்டம்? பெயர் இல்லாத இனத்தை, அழிவை எதிர்நோக்கும் உயிர்களைக் குறிக்கும் சிவப்புப் பட்டியலில் சேர்க்க முடியாது. பட்டியலில் இல்லாததைக் காக்கத் திட்டமும் வராது. இதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. மகாசீர் குறைகிறது என்று கவலைப்பட்டு, 1970-களிலிருந்து மகாராஷ்டிரத்தின் லோனாவ்லாவில் குஞ்சுகள் பொரிக்கப்பட்டுப் பல ஆறுகளுக்கு அனுப்பப்பட்டன. அவை நீலத் துடுப்பு மகாசீரின் குஞ்சுகள். அந்த மீன் காவிரிக்குரியது அன்று. நல்ல எண்ணத்தோடு செய்த வேலைதான். ஆற்றில் மகாசீர் நிறையத் தென்பட்டது. எல்லாரும் மகிழ்ந்தார்கள். பெருகியது வந்த மீன், மறைந்துகொண்டிருந்தது சொந்த மீன் என்பதை எவரும் கவனிக்கவில்லை.

அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவை தூண்டில்காரர்களின் குறிப்பேடுகள். கர்நாடகத்தில் காவிரிக் கரையில் இயங்கிய தூண்டில் முகாம்களில் பிடித்த ஒவ்வொரு மீனையும் எழுதிவைத்துவிட்டு ஆற்றில் விட்டுவிடுவது வழக்கம். 1998 முதல் 2012 வரையிலான அந்தப் பதிவுகளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மகாசீர்கள் இருந்தன. ஆய்வாளர்கள் அவற்றை அடுக்கிப் பார்த்தபோது, நீலத் துடுப்பு ஏறிக்கொண்டே போவதும் திமில் மகாசீர் சரிந்துகொண்டே வருவதும் தெரிந்தது. விளையாட்டுக்குப் போனவர்கள் எழுதிவைத்த தேதியும் எடையும் இல்லாவிட்டால் இந்தச் சரிவு நமக்குத் தெரிந்தே இருக்காது. எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் மனம் நிறைகிறது, கூடவே கனக்கவும் செய்கிறது.

பெயர்ப் புதிரை அவிழ்த்தது நம் நீலகிரிதான். முதுமலைக் காடு வழியாக ஓடும் மோயாற்றில் அந்தத் திமில் மீன் இன்னும் உயிரோடு இருந்தது. மோயாற்று மீனின் உடலமைப்பையும் மரபணுவையும் வைத்து ஒப்பிட்டபோது, அது 2007-இல் பாம்பாற்றிலிருந்து ஏற்கெனவே விவரிக்கப்பட்டிருந்த ஓர் இனத்தோடு பொருந்தியது. பாம்பாறு கேரளத்தில் பிறந்து, ஆனைமலைக்கும் பழனி மலைக்கும் நடுவே இறங்கி அமராவதியாகும் ஆறு. அங்கே கிடைத்த மீனுக்கு, இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் சென்னை மையத்தில் மீன்களை ஆராய்ந்த ரமாதேவி அம்மையாரின் பெயரைச் சூட்டியிருந்தார்கள். ஆகவே காவிரியின் மிகப்பெரிய, மிகப் புகழ்பெற்ற மீன் 2018-இல் 'டோர் ரமாதேவி' என்று அடையாளம் காணப்பட்டது. அதே ஆண்டில் சிவப்புப் பட்டியலில் மிக அருகிய இனமாகவும் ஏறியது. பெயர் கிடைத்த ஆண்டே அபாயப் பட்டியலிலும் இடம் கிடைத்தது.

மகாசீராவது கண்ணுக்குத் தெரியும் உருவம். அடுத்ததை எண்ணிப் பாருங்கள். நீலகிரியின் பெயரை ஆங்கிலத்தில் தாங்கிய ஒரு கெளுத்தி இருக்கிறது; அதன் அறிவியல் பெயர் ஹெமிபாக்ரஸ் பங்க்டேட்டஸ். பக்கவாட்டில் வரிசையாகக் கரும்புள்ளிகள், மற்றபடி எந்தக் கெளுத்தியையும் போன்ற உருவம். 1849-இல் ஜெர்டான் என்ற மருத்துவர் காவிரிப் படுகையிலிருந்து அதை விவரித்தார். பிற்காலத்தில் தேடியவர்களுக்குக் கிடைக்காமல் போய், ஒருவேளை அழிந்திருக்கலாம் என்ற ஐயம்வரை போனது. பிறகு 2013-இல் தென்பகுதி மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளிலிருந்து கிடைத்த மீன்களை அளந்து ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த மீன் எங்கேயும் போயிருக்கவில்லை. ஆற்றில் இருந்திருக்கிறது, யாருடைய வலையிலாவது விழுந்திருக்கிறது, மிளகாயும் புளியும் சேர்ந்த குழம்பில் கெளுத்தியாகவே முடிந்திருக்கிறது. அதன் பக்கத்துப் புள்ளிகளை யாரும் படமெடுத்து அனுப்பவில்லை.

ஜெர்டானைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் விவரித்த மீன்கள் பலவற்றுக்கு மாதிரி உடல் இன்று எங்கும் கிடையாது. எழுத்து மட்டும் இருக்கிறது. 1867-இல் நீலகிரி மீன்களையும் அடிவார ஆறுகளின் மீன்களையும் பற்றித் தனிக் கட்டுரை எழுதிய டே, டிரவுட் கொண்டுவர முயன்ற அதே மருத்துவர், மாதிரிகளைச் சேர்த்தார். ஆனால் லண்டன் அருங்காட்சியகத்தாருடன் அவருக்கு இருந்த பகை காரணமாக, சேகரிப்பின் ஒரு முக்கியப் பகுதி ஆஸ்திரேலியாவின் சிட்னிக்கு விற்கப்பட்டது. பவானியில் பிடித்த மீனை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தமிழ் மாணவர் சிட்னிக்குப் போக வேண்டிய நிலை இப்படித்தான் வந்தது. இன்றைக்கு நமக்குத் தேவை, இங்கேயே பிடித்து இங்கேயே முறையாக வைத்திருக்கும் மாதிரிகளும் படங்களும்.

அழிந்துபோனது என்ற சொல்லையும் நாம் மிகத் தாராளமாகப் பயன்படுத்துகிறோம். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் அளவுகோலில், கடைசி உயிரும் இறந்துவிட்டது என்பதில் நியாயமான ஐயம் எதுவும் மிஞ்சாதபோதுதான் ஓர் இனம் அழிந்ததாகும். அதற்கு, அது வாழ்ந்த இடங்களிலெல்லாம், உரிய பருவங்களில், அதன் வாழ்நாளுக்கு ஏற்ற கால அளவில் சலித்துத் தேடியிருக்க வேண்டும். நம் மலை ஓடைகளில் அப்படித் தேடியது குறைவு. ஐப்பசி மழையில் மோயாற்றுப் பள்ளத்தாக்கில் வலை வீச யாரால் இறங்க முடியும்? எனவே "அழிந்த மீன் கிடைத்தது" என்ற செய்தித் தலைப்புகளில் பாதி, முன்பு யாரும் சரியாகத் தேடவில்லை என்பதையே சொல்கின்றன. மறுபாதி, கண்ணாடிக் கெண்டை.

கையில் ஒரு சந்தேக மீன் இருக்கும்போது செய்ய வேண்டியதை அந்த இளைஞருக்கு எழுதியதையே இங்கேயும் எழுதுகிறேன். கையை நனைத்துக்கொண்டு மீனைத் தொடுங்கள். காய்ந்த கை மீனின் மேல் வழுவழுப்பை உரித்துவிடும், பிறகு நோய் பிடிக்கும். ஈரமான இலையிலோ துணியிலோ, தலை இடப்பக்கம் பார்க்கப் படுக்கவைத்து, துடுப்புகளை விரித்து ஒரு படம். உலகெங்கும் மீன் படங்கள் இப்படித்தான் எடுக்கப்படுகின்றன, ஒப்பிட எளிது. அருகில் அளவுகோல் இல்லாவிட்டால் ஒரு நாணயம். அடுத்து வாயை முன்னிருந்தும் கீழிருந்தும் ஒரு படம், மீசை தெரியும்படி. சாய்ந்த வெயில் பக்கக்கோட்டைக் காட்டும்படி இன்னொன்று. ஓடையையும் ஒரு படம் எடுத்து, அதன் பெயரையும் தேதியையும் எழுதுங்கள். இவ்வளவும் இரண்டு நிமிடம். பிறகு மீனை ஓட்டத்துக்கு எதிர்முகமாகப் பிடித்து, அது தானாக உதறும்வரை காத்திருந்து விடுங்கள்.

மீன் ஏற்கெனவே இறந்திருந்தால் தூக்கி எறிய வேண்டாம். துடுப்பின் ஓரத்தில் நகம் அளவு வெட்டிச் செறிவான எத்தனாலில் போட்டால் மரபணு ஆய்வுக்கு உதவும். ஃபார்மலினில் போட்டால் உடல் நிற்கும், மரபணு கெட்டுப்போகும். உடனே ஒன்றும் கிடைக்காவிட்டால் பனிக்கட்டி போதும். சென்னையில் உள்ள விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்திலும், அருகிலுள்ள கல்லூரி விலங்கியல் துறைகளிலும், மீன்வளத் துறை அலுவலகத்திலும் இதைக் காட்டலாம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மோயாற்றில் திமில் மகாசீர் இருக்கிறது என்று படித்துவிட்டு யாரும் தூண்டிலோடு முதுமலைக்குக் கிளம்பக்கூடாது. புலிகள் காப்பகத்துக்குள் மீன் பிடிப்பது குற்றம். அந்த மீன் பிழைத்திருப்பதற்கு அந்தக் காவலும் ஒரு காரணம். அணைகளில் தூண்டில் போடுகிறவர்களும் மீன்வளத் துறையிடம் கேட்டு, அனுமதி பெற்றுப் போட வேண்டும். ஓர் அரிய மீன் கிடைத்த இடத்தைச் சமூக ஊடகத்தில் துல்லியமாக எழுதுவதும் எனக்கு உடன்பாடில்லை. ஆய்வாளரிடம் சரியான இடத்தைச் சொல்லுங்கள், ஊருக்கு ஆற்றின் பெயர் போதும்.

கண்ணாடிக் கெண்டைக்குப் பிறகு அந்த இளைஞர் பெரிய மீன்களின் படம் அனுப்புவதை நிறுத்திவிட்டார். சென்ற மாதம் கோத்தகிரிச் சரிவில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஓடையில் எடுத்த படங்கள் வந்தன. விரல் நீள மீன், பக்கத்தில் நீலக் கோடுகள், அருகே பள்ளிக்கூட அளவுகோல். வாய் தனியாக, துடுப்பு தனியாக, ஓடை தனியாக. நீலகிரிக்கே உரியது என்று டே 1867-இல் பெயரிட்ட தெவாரியோ மீன் ஒன்று உண்டு. அதுவாக இருக்கலாம், அடிவாரமெங்கும் காணப்படும் அதன் உறவினமாகவும் இருக்கலாம். கோடுகளை வைத்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. முதுகுத் துடுப்பின் கதிர்களைப் படத்தைப் பெரிதாக்கி இரண்டு முறை எண்ணிவிட்டேன். இரண்டு முறையும் ஒரே எண் வரவில்லை. வெயில் சாய்ந்த நேரத்தில் இன்னொரு படம் எடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறேன்.